சுகர் இருக்கிறதா என்று பார்க்க எந்த டெஸ்ட்? ஃபாஸ்டிங், எச்பிஏ1சி, ஜிடிடி: ஒரு ஒப்பீடு

சுகர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்த அடுத்த நிமிடமே குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது. வெறும் வயிற்றில் (ஃபாஸ்டிங்) போக வேண்டுமா, சாப்பிட்டுவிட்டுப் போனால் ஆகாதா, மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) என்கிறார்களே அது ஒன்று போதாதா, வீட்டில் குளுக்கோமீட்டர் சும்மா கிடக்கிறதே அதில் பார்த்தால் என்ன... வாசகர்கள் இதை வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதிலும் பலர் இரண்டு டெஸ்ட் எடுத்து, இரண்டும் இரண்டு விதமாகச் சொன்ன பிறகு கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பதிலேயே சிறந்த டெஸ்ட் என்று ஒன்று கிடையாது. எல்லா டெஸ்ட்டும் தவறும். ஆனால் எந்த டெஸ்ட் எந்த மாதிரி ஆளிடம் தவறும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதனால் "எது துல்லியம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட "எது என் விஷயத்தில் தப்பாகக் காட்ட வாய்ப்பு குறைவு?" என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த ஒப்பீடு நோய் இருக்கிறதா இல்லையா என்று முதல்முறை கண்டுபிடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும். ஏற்கனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர்களின் கணக்கு வேறு.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம், ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. நான் பார்ப்பது இவற்றை:

- நோயை உறுதி செய்ய அந்த டெஸ்ட்டை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறதா, அல்லது கண்காணிக்க மட்டும்தானா
- எந்தக் காலத்துச் சர்க்கரையைக் காட்டுகிறது: இந்த நிமிடமா, பல வாரங்களா
- நாளைக்கு மறுபடி எடுத்தால் ஏறக்குறைய இதே எண் வருமா
- ஊசி குத்தியதிலிருந்து கருவிக்குள் போகும்வரை என்னென்ன கெடலாம்
- யாருக்கு இது பொய் சொல்லும்
- பில்லில் வராத செலவு: விடுப்பு, அலைச்சல், திரும்ப எடுப்பது

இனி எல்லைக்கோடுகள். அமெரிக்க நீரிழிவு சங்கம் வைத்திருக்கும் எண்கள் இவை (சர்க்கரை எண்கள் மி.கி./டெசிலிட்டரில்; நடுநிலை என்பது நோய்க்கு முந்தைய கட்டம்):

| டெஸ்ட் | சாதாரணம் | நடுநிலை | சர்க்கரை நோய் |
|---|---|---|---|
| ஃபாஸ்டிங் | 100-க்குக் கீழ் | 100 – 125 | 126 முதல் |
| ஜிடிடி (குளுக்கோஸ் குடித்துவிட்டு எடுப்பது), 2 மணி நேரத்தில் | 140-க்குக் கீழ் | 140 – 199 | 200 முதல் |
| எச்பிஏ1சி | 5.7%-க்குக் கீழ் | 5.7 – 6.4% | 6.5% முதல் |
| எந்த நேரத்திலும், அறிகுறிகளோடு | – | – | 200 முதல் |

உலக சுகாதார நிறுவனமும் நோய்க்கான கோடுகளை இதே இடத்தில்தான் போட்டிருக்கிறது. நடுநிலையில் மட்டும் வித்தியாசம் உண்டு. அவர்கள் கணக்கில் ஃபாஸ்டிங் 110-லிருந்துதான் நடுநிலை ஆரம்பம். ஆக 104 வந்தவர் ஒரு கணக்கில் நடுநிலை, இன்னொன்றில் சாதாரணம். உங்கள் ரிப்போர்ட் மில்லிமோலில் வந்திருந்தால் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 7.0 என்பது 126.

## ஃபாஸ்டிங்: எளிமையானது, ஆனால் டியூப் காத்திருந்தால் கெடும்

குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து ரத்தம் கொடுப்பது. எங்கும் கிடைக்கும், மலிவு, அன்றைக்கே ரிப்போர்ட் வந்துவிடும். 1997 வரை இதற்கான கோடு 140-ஆக இருந்தது. அதற்குக் கீழேயே கண்ணின் விழித்திரை பாதிப்பு அதிகரிக்கத் தொடங்குவது தெரிந்ததும் 126-க்கு இறக்கினார்கள்.

இதன் முதல் பலவீனம் ஆட்டம். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் 5, 6 சதவீதம் ஏறி இறங்கும். 126-க்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இன்றைக்கு 122, அடுத்த வாரம் 130 என்று வந்தால் யாரும் தப்பு செய்யவில்லை, உடம்பு அப்படித்தான். முந்தைய இரவு தூக்கமில்லை, காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, ஏதோ ஒரு பதற்றம், எல்லாம் இதில் எதிரொலிக்கும்.

இரண்டாவது பலவீனத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் முக்கியம். ரத்தத்தை உடம்பிலிருந்து எடுத்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, டியூபுக்குள்ளேயே குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கின்றன. பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய ரத்த நீரை) பிரிக்காமல் சாதாரண அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். உடம்பில் 128 இருந்தவரின் ரத்தம் இரண்டு மணி நேரம் ஒரு பையில் ஊரைச் சுற்றிவிட்டு லேபுக்குப் போனால் 110-க்கும் 115-க்கும் இடையில் எங்கேயோ வரும். சர்க்கரை நோயாளி ஒருவர் "கொஞ்சம் கவனமாக இருங்கள்" என்ற ரகத்துக்கு மாறிவிடுகிறார். கருவி துல்லியமாகத்தான் அளந்தது, அளக்க வேண்டியது அதற்குள் காணாமல் போய்விட்டது.

இதற்காகத்தான் சோடியம் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப். அது இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் முழு உண்மை இல்லை, ஏனென்றால் குளுக்கோஸ் உடையும் வரிசையில் பின்னால் வரும் ஈனோலேஸ் என்ற நொதியைத்தான் ஃபுளோரைடு தடுக்கிறது, அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டேதான் இருக்கும், பிறகுதான் நிற்கும். சிட்ரேட் கலந்த டியூப் உடனே நிறுத்தும். அது இல்லாத இடத்தில் ஐஸில் வைத்து அரை மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிட வேண்டும்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது வசதிதான், ஆனால் ஃபாஸ்டிங்குக்கு அதன் மறைவான விலை இதுதான். லேப் இருக்கும் கட்டடத்திலேயே போய்க் கொடுப்பது நல்லது. முடியாதென்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த டியூபில் எடுக்கிறீர்கள், எத்தனை மணிக்குள் லேபுக்குப் போகும்?

காலையில் கொஞ்ச நேரம் ஒதுக்கக்கூடியவர், லேப் பக்கத்தில் இருப்பவர், ரத்தசோகை உள்ளவர், இவர்களுக்கு முதல் தேர்வு ஃபாஸ்டிங். சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் சர்க்கரை ஏறுகிறவர்களை இது தவறவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு மதியத்துக்கு மேல் எகிறி, மறுநாள் காலை ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

## எச்பிஏ1சி: வசதியானது, ஆனால் சிவப்பணுவை நம்பி இருப்பது

எல்லோருக்கும் பிடித்த டெஸ்ட். பட்டினி வேண்டாம், எந்த நேரமும் கொடுக்கலாம், நேற்று சாப்பிட்ட இனிப்பு இதை அசைக்காது, "ஒரு வாரம் வாயைக் கட்டிவிட்டு டெஸ்ட்டுக்குப் போவோம்" என்ற தந்திரமும் செல்லாது. ஊதா மூடி டியூபில் எடுத்த ரத்தம் ஃபாஸ்டிங் ரத்தம் போல சில மணி நேரத்தில் கெட்டுப்போகாது. அதனால் வீட்டுக்கு வந்து எடுத்தாலும் பயமில்லை. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் வரும் ஆட்டமும் 2 சதவீதத்துக்குள்தான்.

ரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியது அந்த அணு சாகும்வரை ஒட்டியே இருக்கும். அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதைத்தான் மூன்று மாத சராசரி என்கிறோம், ஆனால் மூன்று மாதத்துக்கும் சம பங்கு கிடையாது. எண்ணில் ஏறக்குறைய பாதி கடைசி ஒரு மாதத்தால் வருகிறது.

நீரிழிவுக்காரர்களின் ஹீமோகுளோபின் வித்தியாசமாக இருப்பதை ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர் 1960-களின் கடைசியிலேயே கவனித்துவிட்டார். அப்படியிருந்தும் நோயைக் கண்டுபிடிக்க இதை அமெரிக்க சங்கம் ஏற்றுக்கொண்டது 2010-இல், உலக சுகாதார நிறுவனம் 2011-இல். ஏன் இத்தனை தாமதம் என்றால், லேபுக்கு லேப் எண் மாறிக்கொண்டிருந்தது. 1990-களின் நடுவில் அளவீட்டைத் தரப்படுத்தும் திட்டம் ஆரம்பித்து, அது பரவிய பிறகுதான் ஒரு கோடு போட முடிந்தது. இதில் ஒரு பாடம் இருக்கிறது: அந்தத் தரப்படுத்தலுக்குள் வராத கருவியில், முறையில் எடுத்த எச்பிஏ1சிக்கு 6.5 என்ற கோடு பொருந்தாது. ரிப்போர்ட்டின் அடியில் 'எந்த முறையில் அளந்தது' என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பது) என்று இருந்தால் அது பரவலாக நம்பப்படும் முறைகளில் ஒன்று, அந்தப் பிரிப்பின் வரைபடத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கலாம்.

சரி, யாருக்குப் பொய் சொல்லும்?

சிவப்பணு சீக்கிரம் சாகும் எவருக்கும் இது குறைத்துக் காட்டும், ஏனென்றால் சர்க்கரை ஒட்டுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. சிவப்பணு சிதையும் ரத்தசோகை, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவது), சமீபத்தில் நிறைய ரத்தம் போனவர்கள், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போடும் சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் எல்லாம் இந்தப் பக்கம். ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு அளக்கப்படுவதில் ஒரு பங்கு வேறொருவரின் ஹீமோகுளோபின், ஆகவே அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மறுபக்கம், இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையிலும் மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களிடமும் எண் கூட வரும். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிற ஒரு பெண்ணுக்கு 5.9 வந்தால், சர்க்கரையைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். இது அபூர்வமான விஷயமில்லை, ரத்தசோகை அத்தனை சாதாரணம்.

அப்புறம், பிறவியிலேயே ஹீமோகுளோபின் வேறு மாதிரி அமைந்தவர்கள்: எஸ், இ, சி வகைகள், தலசீமியா. எச்பிஎல்சி வரைபடத்தில் புதிதாக ஒரு சிகரம் தெரிந்து இது வெளிப்படலாம். பலருக்கு அப்படித்தான் தெரியவே வருகிறது. சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினை மட்டும் பிரித்தெடுக்கும் போரோனேட் முறையில் அளந்தால் இந்த வகைகளின் குறுக்கீடு பெரும்பாலும் இருக்காது. ஆனால் அணுவின் ஆயுளே குறைந்திருந்தால் எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. எஸ் வகை இரட்டையாக வாய்த்த சிக்கில்செல் நோயாளிக்கு சாதாரண ஏ வகை ஹீமோகுளோபினே இல்லை, அவருக்கு இந்த டெஸ்ட்டே பயனில்லை.

ஆக எச்பிஏ1சியின் மறைவான செலவு, அதை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள இன்னொரு டெஸ்ட் தேவைப்படுவது. ஒரு முழு ரத்த அணு எண்ணிக்கை. ஹீமோகுளோபின் அளவும் சிவப்பணுவின் சராசரிப் பருமனும் சரியாக இருந்தால் ஓரளவு நிம்மதியாக நம்பலாம். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: ரத்த அணு எண்ணிக்கை பக்கத்தில் இல்லாமல் வந்த எச்பிஏ1சியை நான் முழுதாக நம்புவதில்லை.

ரத்தசோகை இல்லாதவர், காலையில் பட்டினியாகப் போக முடியாதவர், இரவு வேலைக்காரர், லேப் தொலைவில் இருப்பவர், இவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு.

## ஜிடிடி: தொல்லை பிடித்தது, ஆனால் மற்றவை தவறவிடுவதைப் பிடிப்பது

பட்டினியில் ஒரு ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 2 மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். மூன்றில் அதிகம் பேரைக் கண்டுபிடிப்பது இதுதான். சர்க்கரையை ஒரு சுமையாக ஏற்றி உடம்பு சமாளிக்கிறதா என்று பார்ப்பதால், ஃபாஸ்டிங்கில் ஒளிந்துகொள்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆனால் அரை நாள் போய்விடும். அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே நடந்துவிட்டு வந்தால் எண் குறையும், புகை பிடிக்கக் கூடாது. சிலருக்கு அந்தத் தித்திப்பு குமட்டும், வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய டெஸ்ட் வீண், இன்னொரு நாள் இன்னொரு பட்டினி. இதெல்லாம் தெரிந்த தொல்லைகள். தெரியாத தொல்லை ஒன்று உண்டு: டெஸ்ட்டுக்கு முந்தைய 3 நாளும் மாவுச்சத்து வழக்கம்போல, நாளுக்கு 150 கிராமாவது, சாப்பிட்டிருக்க வேண்டும். மாவுச்சத்தை வெட்டும் டயட்டில் இருப்பவர் நேராகப் போய் உட்கார்ந்தால், பல நாளாக வேலையில்லாமல் இருந்த இன்சுலின் சுரப்பு மெதுவாகத்தான் எழும், இல்லாத நோய் இருப்பதாகக் காட்டிவிடும். இதை லேபில் யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் மறுபடி எடுத்தால் அதே எண் வரும் என்று உறுதி கிடையாது. மூன்றில் அதிகம் ஆடுவது இதுதான்.

கர்ப்பகாலத்தில் இதற்கு மாற்று இல்லை, எச்பிஏ1சி அங்கே நம்பத்தகாதது. வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் எடுப்பார்கள், கோடுகளும் தாழ்வு: பரவலாகப் பின்பற்றும் முறையில் பட்டினியில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். மேலே உள்ள அட்டவணையை வைத்து "எனக்கு 98-தானே" என்று சமாதானம் ஆகிவிடக் கூடாது. பிரசவம் முடிந்து 4 முதல் 12 வாரத்துக்குள் எடுக்கும் மறுபரிசோதனைக்கும் ஜிடிடிதான். அங்கே பழைய அட்டவணைக் கோடுகள் திரும்பப் பொருந்தும்.

ஃபாஸ்டிங் நடுநிலையிலேயே நின்றுகொண்டிருக்கிறது, சந்தேகம் தீரவில்லை, குடும்பத்தில் நிறைய பேருக்கு இருக்கிறது என்பவர்களும் ஒருமுறை இந்த அரை நாளைச் செலவழிக்கலாம். இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், அத்தனை குளுக்கோஸ் ஒரேயடியாகக் குடலில் இறங்கினால் மயக்கம்வரை கொண்டுபோய் விடும்.

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. வீட்டுச் சாப்பாட்டில் எத்தனை கிராம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கண்காணிக்க உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது.

## குளுக்கோமீட்டர்: தீர்ப்புக்கு இல்லை, அவசரத்துக்கு உண்டு

ஐஎஸ்ஓ 15197 என்ற தர விதியின் 2013 பதிப்புப்படி, சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது நூற்றில் 95 அளவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். உண்மையில் 126 இருப்பவருக்கு மீட்டர் 107 காட்டினாலும் 145 காட்டினாலும் அது விதிப்படி நல்ல மீட்டர்தான். கையில் பழச்சாறு ஒட்டியிருந்தால் எகிறும், ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்திருந்தால் ஈரம் பட்டு உளறும், சிவப்பணு குறைவாக இருந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். ஆகவே இதை வைத்து "எனக்கு இருக்கிறது" என்றோ, அதைவிட முக்கியமாக "எனக்கு இல்லை" என்றோ முடிவு செய்ய முடியாது.

ஒரே ஒரு சூழ்நிலையில் வரிசை தலைகீழாகிவிடும். ஒரு பிள்ளை திடீரென்று மெலிகிறது, ஓயாமல் தண்ணீர் கேட்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, வாந்தி, மூச்சு வாங்குகிறது என்றால் கையில் இருக்கும் மீட்டரில் உடனே பாருங்கள், எகிறியிருந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். மீட்டர் இல்லையென்றாலும் போங்கள். எச்பிஏ1சி கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நேரம் அதுவல்ல. முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோய் சில வாரங்களில் முற்றிவிடும், பல வார சராசரியில் அது அப்போதும் முழுதாக ஏறியிருக்காது.

சிறுநீரில் சர்க்கரை பார்ப்பதை விட்டுவிடலாம். ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும், அதற்குள் கோடு எப்போதோ தாண்டப்பட்டிருக்கும்.

## இரண்டு டெஸ்ட் இரண்டு விதமாகச் சொன்னால்

இது அடிக்கடி நடக்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன, ஒரே ஆட்களை அவை தேர்ந்தெடுப்பதில்லை. கடுமையான அறிகுறிகள் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நோய் என்று சொல்வதே தப்பு. ஒரே ரத்தத்தில் எடுத்த ஃபாஸ்டிங், எச்பிஏ1சி இரண்டும் கோட்டைத் தாண்டினால் உறுதி, இன்னொரு நாள் காத்திருக்க வேண்டாம்.

ஒன்று தாண்டி ஒன்று தாண்டாவிட்டால், தாண்டியதை மறுபடி எடுக்க வேண்டும். ஃபாஸ்டிங் 118, எச்பிஏ1சி 6.6 என்று வைத்துக்கொள்வோம். மறுபடி எடுக்க வேண்டியது எச்பிஏ1சி. திரும்பவும் 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் ஃபாஸ்டிங் என்ன சொன்னாலும் நோய் உறுதி. பலர் செய்வது இதற்கு நேர்மாறு: தனக்குச் சாதகமாக வந்ததை மறுபடி எடுத்து, மறுபடியும் சாதகமாக வந்ததும் ஃபைலை மூடிவைத்துவிடுவார்கள்.

இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். எச்பிஏ1சி 6.5 என்பது சராசரியாகச் சுமார் 140 சர்க்கரைக்குச் சமம். ஃபாஸ்டிங் 160-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க எச்பிஏ1சி 5.4 என்றால், சிவப்பணுவில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், எச்பிஏ1சியை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்மா குளுக்கோஸை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

## எனக்கு எது?

வேறு நோயில்லாத, ரத்தசோகை இல்லாத பெரியவருக்கு நான் சொல்வது: ஒரே ஊசியில் ஃபாஸ்டிங், எச்பிஏ1சி, ரத்த அணு எண்ணிக்கை மூன்றும், லேபிலேயே போய். செலவு கொஞ்சம் கூடத் தெரியும், ஆனால் இரண்டாவது தடவை போகும் அலைச்சலைப் பல நேரம் மிச்சப்படுத்திவிடும். ஒன்றுக்குத்தான் வழி என்றால், லேப் பக்கத்தில் இருப்பவர் ஃபாஸ்டிங், தொலைவில் இருப்பவர் எச்பிஏ1சி. ரத்தசோகை, தலசீமியா, டயாலிசிஸ், சமீபத்தில் ரத்தம் ஏற்றியது என்றால் ஃபாஸ்டிங், தேவைப்பட்டால் ஜிடிடி. கர்ப்பிணிக்கு ஜிடிடி. ஸ்டீராய்டு எடுப்பவர் ஃபாஸ்டிங்கை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். காய்ச்சலிலோ அறுவை சிகிச்சை முடிந்த கையோடோ எடுத்து ஏறியிருந்தால், உடம்பு தேறிய பிறகு ஒருமுறை எடுத்துப் பார்க்காமல் சர்க்கரை நோயாளி என்று பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் சாதாரணம் என்று வந்தால் அடுத்து 3 வருடத்துக்குள் ஒருமுறை, நடுநிலை என்று வந்தால் வருடா வருடம். முடிந்தவரை அதே லேபில், அதே முறையில் எடுத்து, பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள்.